பெட்டி இறங்கிய மாடி

அத்தியாயம் 6

“பெட்டிய நர்ஸ் எடுக்கலைன்னா, மொட்டை மாடியா மேடம் முழுங்கிச்சு?”

கேட்டவன் ஜோயல். செங்கல்பட்டு ஏரிக்கரைப் பக்கம் தகரக் கொட்டகை போட்டு, மருந்து சுமக்கும் ட்ரோன்களைப் பறக்கவிடும் ‘வான்துணை’ கம்பெனியின் இன்ஜினீயர். இருபத்தாறு வயது இருக்கும். பதினைந்து நாளாகச் சரியான தூக்கமில்லை என்று கண் சொன்னது. வாய் மட்டும் அடங்கவில்லை. எனக்கு அவனைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. அதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. நான் பிரவின்குமார். துப்பறியும் வசுமதி மேடத்திடம் உதவியாளனாகச் சேர்வதற்கு முன் நாலு வருஷம் ஊரப்பாக்கத்தில் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்தவன். ரெக்கை முளைத்த டெலிவரி பாயை எனக்கு எப்படிப் பிடிக்கும்?

கொட்டகைச் சுவரில் ஒரு பெரிய போஸ்டர். உடம்புச் சூட்டிலேயே ஓடி இதயத் துடிப்பை எண்ணும் பட்டை, ஊசி குத்தாமல் தோல் வழியாக இறங்கும் மருந்து, சுவரில் பூசினால் கரண்டு தரும் பெயிண்ட் என்று நாளைக்கு வரப்போவதை எல்லாம் இன்றைக்கே வரிசையாக ஒட்டியிருந்தார்கள்.

“பெயிண்டே கரண்டு குடுத்தா லைன்மேன் இன்னா பண்ணுவாரு மேடம்? வெள்ளையடிக்கப் போவாரா?” என்றேன்.

வசுமதி மேடம் சிரிக்கவில்லை. அவருக்கு ஐம்பது வயது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்தே பாதி ஆயுளைக் கழித்தவர். இப்போது ஊரப்பாக்கம் ஸ்டேஷன் எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் எங்கள் ஆபீஸ். ஜோயல் நீட்டிய போட்டோவைக் கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். திருக்கழுக்குன்றம் தாண்டி, கடலைப் பார்த்துப் போகும் சாலையில் முள்ளிக்கேணி என்று ஓர் ஊர். இரண்டு வாரத்துக்கு முந்தைய திங்கட்கிழமை, சவுக்குத் தோப்பு ஓரமாக ஒரு பண்ணைவீட்டுக் காம்பவுண்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த கிருபாகரனைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. கூட வேலை செய்தவர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்கு ஓடினார்கள். அங்கே நர்ஸ் மார்கரெட். விஷமுறிவு மருந்து அங்கே இருப்பு வைப்பதில்லை. ட்ரோன் இருபத்து மூன்று நிமிஷத்தில் கொண்டுவந்துவிடும், டாக்டர் போனில் பார்த்தபடி சொல்லச் சொல்ல மார்கரெட் ஏற்றவேண்டும் என்பது திட்டம். ட்ரோன் கிளம்பியது. நாலு முப்பத்தொன்றுக்குப் பெட்டி இறங்கிவிட்டது என்று கம்பெனிக் கம்ப்யூட்டர் பதிந்தது. மாடியில் பெட்டியே இல்லை என்று மார்கரெட் சொன்னாள். தேடி, போன் போட்டு, சண்டை போட்டு, கடைசியில் ஆட்டோவில் ஏற்றும்போது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. கிருபாகரன் வழியிலேயே போய்விட்டான். முப்பத்து நாலு வயது.

அன்றைக்கு அந்த மாடிக்கு ஏறியவள் மார்கரெட் ஒருத்திதான். அதனால் பெட்டியை ஒளித்து வைத்து வெளியே விற்றுவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டியது. கிருபாகரனின் மனைவி புகார் கொடுக்க, வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். நாளை பதினொரு மணிக்கு விசாரணை. அது தப்பாகப் போனால் அடுத்தது போலீஸ். மார்கரெட்தான் எங்கள் கட்சிக்காரி.

“ட்ரோன் அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிக்குது?” என்றார் மேடம்.

“ஊர் வரைக்கும் சாட்டிலைட் கூட்டிட்டுப் போகும். ஊருக்கு மேல வந்ததும் கேமராவால கட்டத்தைத் தேடும். கறுப்பு வெள்ளையா முப்பத்தாறு கட்டம். சுகாதார நிலையத்து மாடில பெயிண்ட்ல போட்டிருக்கு. அதைப் பார்த்ததும் மேல நின்னபடியே கயித்துல பெட்டியை இறக்கி, போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடும்.”

“கட்டம் இல்லாத இடத்துல இறக்கிடுச்சுன்னா?”

“சான்ஸே இல்ல. கட்டத்தைப் பார்க்காம பெட்டியை விடவே விடாது. இதோ போட்டோ. கட்டத்துக்கு நட்ட நடுவுல பெட்டி. டைம் நாலு முப்பத்தொண்ணு. மெஷின் பொய் சொல்லாது மேடம். மனுஷங்கதான் சொல்லுவாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. “தம்பி, இந்த மாதிரி போட்டோ நானே ஆயிரம் எடுத்துக்கீறேன். ஒருவாட்டி மூணாவது மாடி பிரியாணிய ரெண்டாவது மாடி வாசல்ல வெச்சி போட்டோ எடுத்துட்டு வந்துட்டேன். ரெண்டு கதவும் ஒரே கலரு, ஒரே மேட். போட்டோ பக்காவா கீது. பிரியாணி மட்டும் எவனோ ஒருத்தன் வயித்துல கீது.”

“ஊருக்கு ஒரே கட்டம்தாங்க” என்று ஜோயல் சிரித்தான்.

மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன், திட்டவில்லை. “கட்டத்தைப் போட்டது யாரு?” என்று ஜோயலிடம் கேட்டார்.

“காண்ட்ராக்டர் யாரோ லோக்கல் ஆளை வெச்சுப் போட்டார். நாலு மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் நாங்க போய்ப் பார்க்கல.”

போட்டோவுக்கு ஒரு பிரதி வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

முள்ளிக்கேணி போய்ச் சேரும்போது மணி மூன்றே முக்கால். சுகாதார நிலையம் பூட்டிக் கிடந்தது. பின்பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து மார்கரெட் வந்தாள். நாற்பத்தெட்டு வயது. நெற்றியில் வியர்வை, கையில் சாவிக்கொத்து. வேலையிலிருந்து நிறுத்தியும் சாவியை வாங்கிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

“பத்தொம்போது வருஷம்மா. இங்க கீற புள்ளைங்கள்ல பாதி என் கையில வந்து விழுந்ததுங்க. இப்ப குழாயாண்ட போனா கொடத்த எடுத்துகினு நகந்துடறாங்க” என்றாள்.

“அன்னிக்கு ட்ரோன் சத்தம் கேட்டுதா?”

“கேட்டுச்சு. நா உள்ள அவன் கையப் புடிச்சிகினு இருந்தேன். ‘வந்துடுச்சுடா கிருபா, பயப்படாத’ன்னேன். சத்தம் நின்னதும் மேல ஓடிப் பாத்தா ஒண்ணும் இல்ல. திரும்பி வட்டமடிச்சு வரும்னு வானத்தையே பாத்துகினு நின்னேன்மா. அங்க நின்ன நேரத்துக்கு அவன அப்பவே ஆட்டோல ஏத்தி இருக்கலாம்.” சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். “அந்த மருந்த நம்பி நிறுத்தி வெச்சது நாந்தான். அதுக்கு என்னைத் திட்டுனா ஏத்துக்குவேன். திருடினேன்னு சொன்னா எப்டி ஏத்துக்கறது?”

மேடம் கேட்டார். “ட்ரோன்ல வேற யாருக்காவது மருந்து வருதா?”

“செவ்வாக்கெழம காலையில ஒரு ஆளுக்கு வரும். இப்ப நிறுத்திட்டாங்க.”

“யாரு?”

மார்கரெட் சாவிக்கொத்தைப் பார்த்தாள். “அது வேணாம்மா.”

“நாளைக்கு உங்க வேலையே போயிடும். ஜெயிலுக்குக்கூடப் போக வேண்டி வரலாம்.”

“போவட்டும். யாராண்டயும் சொல்லாதீங்க சிஸ்டர்னு என் கையப் புடிச்சி கேட்டாங்க. நோயாளி பேர வித்துத்தான் என் பேரக் காப்பாத்திக்கணும்னா, அந்தப் பேரு எனக்கு எதுக்கு?”

அதற்கு மேல் அவளிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை. மேடம் ஏணியில் ஏறினார். நானும் ஏறினேன். கீழே மார்கரெட் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

மாடியில் கட்டம் இருந்தது. இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும். நாலு மாத வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்து கறுப்பைச் சாம்பலாக்கி, வெள்ளையைப் பழுப்பாக்கியிருந்தன. ஓரமெல்லாம் பக்கு விட்டிருந்தது. மேற்குப் பக்கச் சுவரோரம் புதிதாக ஒரு கறுப்புத் தண்ணீர் டேங்க்.

“இது எப்ப வெச்சாங்க?” என்று மேலேயிருந்து கேட்டேன்.

“போன மாசம்” என்றாள் மார்கரெட் கீழேயிருந்து.

“நாலு முப்பத்தொண்ணு வரைக்கும் இருப்போம்” என்றார் மேடம்.

நாலரைக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது கீழே கேட் பக்கம் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தலை வாராமல், ஒடிசலாக, முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு பெண். கிருபாகரனின் மனைவி ஜெபா. தினமும் இந்த நேரத்துக்கு வந்துவிடுவாளாம்.

“ஏ மார்கரெட்டு! என் புருஷன் உசுர வித்துத் துண்ணியே, செரிச்சிதாடி உனக்கு? நீ நல்லா இருப்பியா? உன் கை புழுத்துப் போவாதா? ரெண்டு புள்ளைங்கள வெச்சிகினு நா தெருவுல நிக்கிறேனே, கர்த்தர் பாத்துகினுதான் கீறாரு!”

குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரிச் சுகாதார நிலையத்தைப் பார்த்துத் தூற்றினாள். மண் ஏணியின் மேலும் மார்கரெட்டின் முதுகின் மேலும் விழுந்தது. மார்கரெட் திரும்பவில்லை. ஏணியை விடவும் இல்லை.

ஜெபா போன பிறகு மேடம் போட்டோவைக் கட்டத்தின் பக்கத்தில் பிடித்தார். “இப்ப சரியா நாலு முப்பத்தொண்ணு. என்ன தெரியுது பிரவின்?”

“டேங்க் நெழலு பாதிக் கட்டத்த மூடிகினு கீது.”

“போட்டோல?”

போட்டோவில் கட்டம் முழுசாக, சுத்தமாக, பளிச்சென்று இருந்தது. “நெழலே இல்லியே. அன்னிக்கு மேகமா இருந்திருக்கும் மேடம்.”

“பெட்டியைப் பாரு.”

பார்த்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் கறுப்பாக, நீளமாக அதன் நிழல். பெட்டிக்கு நிழல் விழும்படி வெயிலடித்த நேரத்தில் அவ்வளவு பெரிய டேங்குக்கு மட்டும் நிழல் இல்லாமல் போகுமா?

“அப்ப இது வேற மாடி” என்றேன். “ரெண்டாவது மாடி வாசல்ல வெச்ச பிரியாணி.”

மேடம் ஜோயலுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “தம்பி, ஒரே ஊர்ல ரெண்டு கட்டம் இருந்தா உங்க மெஷின் எதைப் பிடிக்கும்?”

“எது தெளிவாத் தெரியுதோ, அதை” என்றான் ஜோயல். பிறகு மெதுவாக, “ரெண்டாவது கட்டத்தை யார் மேடம் போடுவாங்க? நாங்க அதை யோசிக்கவே இல்லையே” என்றான். கொட்டகையில் சிரித்தவன் குரல் மாதிரியே இல்லை.

டேங்கின் மேல் ஏறி நின்று பார்த்தேன். புளியமரங்களுக்கு அந்தாண்ட முப்பது நாற்பது தொகுப்பு வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. சில மாடிகளில் துணி காய்ந்தது. சிலவற்றில் உடைந்த நாற்காலி, பழைய சைக்கிள். ஒரே ஒரு மாடியில் மட்டும் நீலத் தார்ப்பாய் விரித்து, சுற்றிலும் செங்கல் வைத்து அழுத்தியிருந்தது.

“மேடம், பத்து நாளா பொட்டு மழை இல்ல. வத்தலோ கருவாடோ காயணும்னா தொறந்து வெப்பாங்க. இத எதுக்கு இப்டி போத்தி வெச்சிகினு கீறாங்க?”

“நல்ல கேள்வி. கேட்டுடுவோம்” என்றார் மேடம்.

அது பார்வதத்தின் வீடு. மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியில் ரூம் சுத்தம் செய்கிறவள். செவ்வாய்க்கிழமை வார லீவு என்பதால் வீட்டில் இருந்தாள். நாற்பது வயது; புருஷன் இல்லை; எட்டாவது படிக்கும் பிரதீபா என்று ஒரே மகள். பட்டப்பகலில் கதவைச் சாத்தி வைத்திருந்தாள். தட்டினதும் ஒரு விரற்கடை திறந்தது.

“அக்கா, மாடில இன்னா காயுது?” என்றேன்.

“வத்தல்.”

“தார்ப்பாய்க்கு அடியிலயா?”

பார்வதம் கதவைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். பானைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன மண்பானை, மணலில் புதைத்து ஈரத்துணி சுற்றியிருந்தது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின் வைக்கும் பானை அது. எங்கள் சித்தப்பா வீட்டில் பார்த்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை நோயாளி யார் என்பது அத்தோடு விளங்கிவிட்டது.

“பாப்பாவுக்கா?” என்றார் மேடம்.

“ஏழு வயசுலருந்து.” பார்வதம் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். “தெனம் நாலு ஊசி. பொம்பளப் புள்ள மேடம். ஊசி போட்டுக்குதுன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்? சிஸ்டருக்கு மட்டுந்தான் தெரியும். செவ்வாக்கெழமையானா அந்தப் பொட்டிய நா போயி வாங்கணும். அங்க நாலு பேரு உக்காந்துகினு இருப்பாங்க. ‘இன்னா பார்வதம், உனக்கு இன்னா ஏரோப்ளேன்ல வருது?’ன்னு கேப்பாங்க. எத்தினி வாரந்தான் பொய் சொல்றது?”

“அதனால உங்க மாடிக்கே வரவழைக்க நினைச்சீங்க.”

“படம் இருக்கற எடத்துல தான எறங்குது. எம் மாடில படம் இருந்தா எங்கிட்டயே எறங்கிடும். அவ்ளோதான் மேடம் நெனச்சேன். செவ்வாக்கெழம வர்றதுக்குள்ள, திங்கக்கெழமையே...”

எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பழைய புடவை மூட்டையை இழுத்தாள். உள்ளே வெள்ளைப் பெட்டி. மேலே சிவப்பில் ‘பாம்புக்கடி மருந்து - அவசரம்’. உள்ளே பத்து பாட்டில், ஒன்றுகூடத் திறக்கவில்லை.

“அன்னிக்கு நா வேலைக்குப் போயிட்டேன். புள்ள ஸ்கூலுக்குப் போச்சு. மறுநாள் விடியக்கால துணி காயப்போட ஏறினேன். பொட்டி கீது. எழுத்த படிச்சேன். பக்கத்து வூட்ல கிருபாவக் கெடத்தி வெச்சிருக்காங்க. இத கட்டிலடியில தள்ளிட்டு நா ஒப்பாரிக்குப் போனேன் மேடம். ஜெபா என் தோள்ல சாஞ்சி அழுதுச்சு. நா கல்லு மாதிரி உக்காந்துகினு இருந்தேன்.”

“சிஸ்டரைத் திட்டும்போதாவது சொல்லியிருக்கலாமே” என்று எனக்கு ஆத்திரம் வந்தது. “தெனம் மண்ண வாரித் தூத்துது, கேட்டுகினுதான இருக்கீங்க?”

அவள் தலையை நிமிர்த்தவில்லை. மேடம் என் கையைத் தொட்டு அடக்கிவிட்டு, “மாடியைப் பார்க்கலாமா?” என்றார்.

தார்ப்பாயை விலக்கினேன். கண் கூசியது. கறுப்பும் வெள்ளையும் ஈரம் காயாதது போல மினுங்க, முப்பத்தாறு கட்டமும் கத்தியால் வெட்டிய மாதிரி. நானே ட்ரோனாக இருந்திருந்தாலும் இங்கேதான் இறக்கியிருப்பேன்.

“நீங்களே போட்டீங்களா?” என்றார் மேடம்.

“நாந்தான் போட்டேன்.” பதில் கேள்வி முடிவதற்கு முன்பே வந்தது.

மேடம் மண்டியிட்டுக் கட்டத்தின் ஓரத்தில் விரலை ஓட்டினார். பெயிண்டுக்கு வெளியே, சிமெண்ட் தரையில், மெல்லிசாக நீலக் கோடு ஒன்று நேராக ஓடியது. இன்னொரு பக்கமும் ஒன்று. விரலில் ஒட்டிய நீலப்பொடியை என்னிடம் காட்டினார்.

“நூல் அடிச்சிருக்கு. நீலப்பொடி தடவின நூலை ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சு, நடுவுல சுண்டி விடுவாங்க. நம்மளை மாதிரி ஆளுங்கன்னா ஸ்கேலையோ பலகையையோ வெச்சுக் கோடு கிழிப்போம். நூல் அடிக்கிறவன் தொழில்காரன்.” பார்வதத்தைப் பார்த்தார். “யாரைம்மா காப்பாத்தறீங்க?”

பார்வதம் பக்கத்து மாடியைப் பார்த்தாள். அங்கே கொடியில் ஒரு சின்னப் பையனின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

“செத்துப்போனவன எப்டி மேடம் காப்பாத்தறது?”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் கட்டத்தின் மேலிருந்த காலை எடுத்துக்கொண்டேன்.

“ஆமா மேடம். கிருபா தான் போட்டான். சுகாதார நெலயத்துல போட்டதும் அவந்தான். பாப்பா ஒருநாள் ஸ்கூல்ல மயங்கி விழுந்தப்ப வண்டில தூக்கிகினு ஓடினவன் அவன். அன்னிலருந்து அவனுக்குத் தெரியும். பொண்டாட்டியாண்ட கூட சொல்லல. ‘அக்கா, மிச்சம் பெயிண்ட் கீது, அளவு எடுத்த பேப்பரும் வெச்சிகினு கீறேன். நா போட்டுத் தரேன், இனிமே நீ அங்க போயி தலகுனிஞ்சி நிக்காத’ன்னான். ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சி வந்து, பொழுதுக்கும் வெயில்ல உக்காந்து போட்டான். ஒரு டீ தான் குடிச்சான். ‘அளவுல ஒரு இம்மி மாறல பாருக்கா’ன்னு சிரிச்சான். மறுநாளு...”

இதற்கு மேல் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவன் போட்ட பழைய கட்டம் நிழலில் மங்கிக் கிடந்தது. அவன் போட்ட புதுக் கட்டம் வெயிலில் மினுங்கியது. அவனுக்காக வந்த மருந்து அவனுடைய நல்ல வேலையைப் பார்த்து இங்கே இறங்கிவிட்டது. அவன் எழுபது மீட்டர் தள்ளி மார்கரெட்டின் கையைப் பிடித்தபடி காத்துக்கிடந்தான். கேஸ் முடிந்தது. வழக்கமாகக் கேஸ் முடிந்தால் நான் பரோட்டா கேட்பேன். அன்றைக்குக் கேட்கவில்லை.

“மேடம், ரிப்போர்ட்டுல ‘யாரோ போட்ட கட்டம்’னு எழுதிடலாமா? நர்ஸம்மா மேல கீற பழியும் போயிடும். அந்தப் பொண்ணு ஜெபாவுக்கு இது எதுக்கு?” என்றேன்.

“யாரோன்னு எழுதினா, நாளைல இருந்து அந்த யாரோவை ஊர் முழுக்கத் தேடும். பிரதீபா பேரைத்தான் கடைசில கண்டுபிடிக்கும்.” மேடம் முட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டினார். “மத்தவங்க வாயால கேக்கறதுக்கு முன்னாடி ஜெபாகிட்ட நாமளே சொல்லிடணும்.”

“நாஞ்சொல்றேன்” என்றாள் பார்வதம்.

பக்கத்து வீடுதான். பத்து அடி. அந்தப் பத்து அடியை நடக்க அவளுக்கு அவ்வளவு நேரம் ஆனது. நான் ஓடிப்போய் மார்கரெட்டையும் கூட்டி வந்தேன். அவள் வாசலுக்கு வெளியே, வேலி ஓரமாகவே நின்றுகொண்டாள்.

ஜெபா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சின்ன வீடுதான், ஆனால் சுவரில் ஒரு திட்டு, ஒரு வழிசல் கிடையாது. பார்வதம் அவள் காலடியில் உட்கார்ந்து, பெட்டியை முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். மகளின் ஊசியிலிருந்து ஆரம்பித்து ஞாயிற்றுக்கிழமை டீ வரைக்கும். எதையும் விடவில்லை. தனக்காக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவும் இல்லை.

ஜெபா அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் பெட்டியின் மேல் இருந்த சிவப்பு எழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“அன்னிக்கு சர்ச்சுலருந்து வந்து, ஆக்கி வெச்ச சோறு கூட துண்ணாம பிரஷ்ஷ எடுத்துகினு போனாரு. எங்க போறன்னு கேட்டேன். சின்ன வேல ஜெபா, வந்துடறேன்னாரு. வந்தப்ப முதுகெல்லாம் செவந்து போயிருந்துச்சு. நாந்தான் எண்ண தடவி வுட்டேன்.” மேடத்தை நிமிர்ந்து பார்த்தாள். “அந்த மிசினுக்கு ஒரிஜினலு எதுன்னு தெரியலியா மேடம்?”

“ரெண்டுல எது பளிச்சுன்னு இருந்துச்சோ, அதைப் பார்த்துடுச்சும்மா.”

“அவரு போட்டது பளிச்சுன்னுதான் இருக்கும்” என்றாள் ஜெபா. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை, தெருப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு ஜெபாவே பேசினாள். “நாளைக்கு நா வரேன். குடுத்த புகார திருப்பி வாங்கிக்கறேன். எம் புருஷன் தான் போட்டாரு, வேல இல்லாத நேரத்துல போட்டுப் பாத்தாருன்னு சொல்லிக்கறேன். பாப்பா ஊசி விஷயம் வேணாம். எங்கிட்டயே சொல்லாம காப்பாத்தினாரு. நா போயி அத ஊருக்குச் சொன்னா நல்லாவா இருக்கும்?”

“வேல இல்லாத நேரத்துலன்னா, வம்பு பண்ணி செத்தான்னு ஊரு பேசும் ஜெபா” என்றாள் பார்வதம் பதறி.

“பேசட்டும்க்கா.”

பார்வதம் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக் கதறினாள். ஜெபா அழவில்லை. பார்வதத்தின் தலையில் கையை வைத்திருந்தாள், அவ்வளவுதான். பிறகு வேலி ஓரமாக நின்ற மார்கரெட் மேல் அவள் பார்வை விழுந்தது. பார்வதத்தை விலக்கிவிட்டு எழுந்து வெளியே வந்தாள். மார்கரெட்டின் முதுகில் இன்னும் மண் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெபா தன் முந்தானையால் அதைத் தட்டிவிட ஆரம்பித்தாள்.

“பதினஞ்சு நாளா நா எந்திரிச்சி நடந்ததே உன்னத் திட்றதுக்குத்தான் சிஸ்டர்” என்றாள். “காலையில கண்ணு முழிச்சா, சாயங்காலம் போயி அவளத் திட்டணும்னு தோணும். அதுக்காவ குளிப்பேன். அதுக்காவ ஒரு வாய் துண்ணுவேன். இனிமே யாரத் திட்டுவேன்? மிசினயா? அக்காவயா? போயி சேந்த எம் புருஷனயா? இனிமே நா எதுக்கு சிஸ்டர் எந்திரிப்பேன்?”



மார்கரெட் திரும்பி ஜெபாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“என்னையே திட்டு ஜெபா. நாளைக்கும் வா. நா அங்கதான் இருப்பேன்.”

அப்போதுதான் ஜெபா அழுதாள்.